கையுருளை, வாணலி, பாப்கார்ன் மெஷின்: வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்த நான்கு ஆண்டுக் கணக்கு

நான்கு பேர் குடிக்கும் வீடு. காலையும் மாலையும் பில்டர் காப்பி. மாதத்துக்குச் சுமார் இரண்டு கிலோ பச்சைக் கொட்டை செலவாகும். இரும்பு வாணலி, சூடான காற்றை ஊதும் பாப்கார்ன் மெஷின், கேஸ் அடுப்பில் வைத்துக் கையால் சுற்றும் உருளை என்று மூன்றிலும் வறுத்துப் பார்த்தாயிற்று. இன்று வாரந்தோறும் அடுப்பில் ஏறுவது உருளை. பீபெரி என்னும் உருண்டைக் கொட்டை வாங்கினால் வாணலி அடுப்பில் ஏறும். பாப்கார்ன் மெஷின் பரணுக்குப் போய் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அது பரணுக்குப் போனது கருவியில் குறை இருந்ததால் அல்ல. பால் சேர்க்காத கறுப்புக் காப்பிக்கு அது வறுத்துத் தரும் கொட்டை மிக நன்றாகவே இருக்கும். பில்டர் டிகாக்‌ஷனுக்கும் பாலுக்கும்தான் ஒத்துவரவில்லை. காற்றில் வறுபடும் கொட்டை ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் புளிப்பு மிஞ்சும், திடம் குறையும். பால் ஊற்றியதும் அந்தப் புளிப்பு ஒரு வெட்டுப்போலத் தனியாக நிற்கும். பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் நிதானமாக ஏறிய கொட்டைதான் பாலுக்கு அடியில் கனமாக உட்காரும்.

முதலில் கொட்டை. கடையில் காதில் விழும் பெயர்களில் 'பிளாண்டேஷன்' என்றால் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா. 'செர்ரி' என்றால் பழத்தோடு காயவைத்தது. கழுவிய ரொபஸ்டாவுக்கு 'பார்ச்மென்ட்' என்று பெயர். அதன்பின் வரும் ஏ, பி, சி எழுத்துகள் சல்லடை அளவைச் சொல்பவை, ருசியை அல்ல. பிளாண்டேஷன் ஏ 6.65 மில்லிமீட்டர் துளையில் நிற்பது, பி 6 மில்லிமீட்டரில் நிற்பது. பி ரகம் ருசியில் குறைந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. ஆனால் ஒரே அளவில் இருக்கும் கொட்டை ஒரே மாதிரி வறுபடும் என்பது உண்மை. 'பிபி' என்பது பீபெரி. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டு வளர்ந்தது.

பழகுவதற்கு பிளாண்டேஷன் ஏ-தான் நல்லது. எஸ்.795 என்ற அராபிகா ரகம் கலந்த சிக்மகளூர், குடகு, ஏற்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டை எதுவானாலும் தாராளமாக மன்னிக்கும். அரை நிமிடம் முன்பின் ஆனாலும் காப்பி குடிக்கும்படியே இருக்கும். மான்சூன்ட் மலபாரை முதலில் தொடவேண்டாம். மேற்குக் கடற்கரையில் மழைக்காலக் காற்றில் ஊறி உப்பிய கொட்டை அது. பச்சையாக இருக்கும்போதே வெளுத்த மஞ்சள் நிறம் என்பதால் நிற மாற்றத்தைப் பார்த்து வறுக்கப் பழகாதவருக்கு வழி தவறிவிடும். அடர்த்தியும் குறைவு, சூடு சட்டென்று ஏறும்.

இங்கே அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரிவரை, ரொபஸ்டா அதற்குப் பின். உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரித்துப் புதுக் கொட்டை கைக்கு வர மார்ச் ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு வேண்டியதை அப்போது வாங்கினால் போதும், ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து வாங்கவேண்டாம். பச்சைக் கொட்டையில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். கடலோர ஊர்களில் திறந்து வைத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சை மணம் வரும், வண்டும் விழும். எதிர்ப்பக்கமாக, வெயில்படும் பால்கனியில் வைத்தால் காய்ந்து வெளுத்து வைக்கோல் ருசி தட்டும். துணிப்பைக்குள் போட்டு, அந்தப் பையை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இறக்கி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் ஆறேழு மாதம் தாங்குகிறது.

வறுக்குமுன் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்குவதைத் தவிர்க்க முடியாது. முந்நூறு கிராமுக்கு ஐந்து நிமிடம் ஆகும். கறுத்தது, உடைந்தது, குண்டூசித் துளைபோல ஓட்டை விழுந்தது மூன்றையும் எடுத்துவிடவேண்டும். ஓட்டை காய்த்துளைப்பான் வண்டின் வேலை. 1990-இல் நீலகிரி கூடலூர்ப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட அந்த வண்டு பிறகு தென்னிந்தியத் தோட்டங்களெங்கும் பரவியது. ஒன்றிரண்டு துளைக்கொட்டை பெரிதாகக் கெடுத்துவிடாது. கல்தான் ஆபத்து. கொட்டை அளவே இருக்கும் சிறு கல் ஒன்று போதும், அரைக்கும் மெஷினின் பல் போய்விடும்.

இனி கருவிகள்.

வாணலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கனமான வார்ப்பிரும்பு, 150 கிராம், மரக்கரண்டி, இடைவிடாத கிளறல். சாதாரணக் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம் இரும்பில் ஒட்டிக் கிடந்தால் அங்கே மட்டும் கரும்புள்ளி விழும். நடுப்பகுதி அப்போதும் பச்சையாகவே இருக்கும். அந்தக் காப்பியில் கருகலும் பச்சை வாடையும் சேர்ந்தே வரும். பீபெரி உருண்டை என்பதால் கிளறக் கிளற உருண்டுகொண்டே இருக்கும், வாணலி அதற்குப் பொருந்தும். நான்-ஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம். கொட்டை 220 டிகிரியைத் தொடும்போது பாத்திரத்தின் அடி அதைவிடச் சூடாக இருக்கும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்.

பாப்கார்ன் மெஷின் வாங்குவதாக இருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும். சூடான காற்று பக்கச் சுவரில் உள்ள கீற்றுகள் வழியாகச் சுழன்று வரவேண்டும். அடியில் சல்லடை வைத்து நேராக மேலே ஊதுவது ஆகாது. உதிர்ந்த தோல் அந்தச் சல்லடை வழியாகக் கம்பிச்சுருளில் விழுந்து பற்றிக்கொள்ளும். 1200 வாட் மெஷினுக்கு 80 முதல் 90 கிராம் சரியான அளவு. பச்சைக் கொட்டை கனம், தொடக்கத்தில் சுழலாது. முதல் இரண்டு நிமிடம் மரக்குச்சியால் கிண்டிக் கொடுக்கவேண்டும். ஈரம் போய் எடை குறைந்ததும் தானாகவே சுழலும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி சூட்டில் வளையும். அதைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பாவைப் புகைபோக்கியாக நிறுத்தினால் மெஷினும் பிழைக்கும், தோலும் ஒரு பக்கமாகப் போய் விழும்.

அதைப் பரணுக்கு அனுப்பிய இன்னொரு காரணம் மின்னழுத்தம். ஹீட்டரின் சூடு மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பக் கூடும், குறையும். 230 வோல்ட்டில் 1200 வாட் தரும் சுருள், மாலையில் 200-க்கு இறங்கினால் 907 வாட்தான் தரும். கிட்டத்தட்டக் கால்பங்கு போயிற்று. நள்ளிரவில் 245-க்கு ஏறினால் 1360 வாட். பெரும்பாலான மெஷின்களில் விசிறி மோட்டாருக்கும் அதே சுருளிலிருந்துதான் மின்சாரம் போகிறது. எனவே வோல்ட் இறங்கினால் விசிறியும் தளரும், கொட்டை சுழலாமல் ஒரு மூலையில் தேங்கும். நேற்று ஐந்தரை நிமிடத்தில் முடிந்த வறுவல் இன்று எட்டு நிமிடம் இழுப்பதற்குக் கொட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. பகல் பதினொரு மணிவாக்கில், ஏசியும் மோட்டாரும் ஓடாத நேரத்தில் வறுத்தால் ஓரளவு சீராக இருக்கும். இந்த மெஷின் மூன்று நிமிடம் ஓடுவதற்காகச் செய்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டாவது ஈடு போட்டால் உள்ளே இருக்கும் சூட்டுக்காப்பு துண்டித்துவிடும். சில மாடல்களில் அது ஒருமுறை போனால் போனதுதான். இடையில் அரைமணி ஆறவிடவேண்டும். இரண்டு கிலோவை 90 கிராம், 90 கிராமாக வறுப்பது என்றால் மாதத்துக்கு இருபத்திரண்டு ஈடு. பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு அது பொருந்தாது.

வெளிநாட்டு வீட்டு ரோஸ்டர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: பிரெஷ்ரோஸ்ட் போன்றவை வட அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே ஓட்டக் கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டும்.

உருளையோ மிக எளிமையான சாமான். முன்பு பல வீடுகளில் கரி அடுப்புமேல் நின்ற அதே அமைப்புதான்: இரும்புத் தகட்டு உருளை, நடுவே ஒரு கம்பி, கம்பியின் முனை வளைந்து மரக்கைப்பிடி, பக்கத்தில் தள்ளித் திறக்கும் கதவு, இரண்டு பக்கமும் தாங்கும் சட்டம். இருபது சென்டிமீட்டர் விட்டம், இருபத்தைந்து நீளம் உள்ளது முந்நூறு கிராமுக்கு அளவானது. கொட்டை வறுபட்டால் கிட்டத்தட்ட இருமடங்காக உப்பும். பச்சையாகப் போடும்போது உருளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையக் கூடாது.

வாங்கும்போது மூன்றைப் பார்க்கவேண்டும். உருளைக்குள் நீளவாக்கில் இரண்டு மூன்று தகட்டுச் சிறகுகள் பற்றவைத்திருக்கவேண்டும். அவை இல்லாவிட்டால் கொட்டை புரளாமல் அடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும். கதவின் தாழ்ப்பாள் ஒரே தட்டில் திறக்கவேண்டும். வறுவலின் கடைசிப் பத்து நொடியில் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினால் எல்லாம் போயிற்று. மூன்றாவது, உருளை முழுத் தகடா, துளையிட்டதா என்பது. துளையிட்டதில் புகை வெளியேறும், கொட்டையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தோல் பர்னரில் கொட்டித் தீப்பொறி பறக்கும், பர்னர் துளைகள் அடைபடும். முழுத் தகட்டில் தோல் உள்ளேயே தங்கும், புகை வாடை கொஞ்சம் ஏறும். பால் காப்பிக்கு அந்த வாடை குறையாகத் தெரிவதில்லை என்பதால் முழுத் தகட்டுக்கே எங்கள் வாக்கு, இரண்டு பக்க முகப்பிலும் சில துளைகள் இருந்தால்.

கண்ணாடி மேடை கேஸ் அடுப்பில் இதை வைக்கவே கூடாது. உருளையிலிருந்து கீழே இறங்கும் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். தனியாக ஒற்றை பர்னர் எவர்சில்வர் அடுப்பு போதும். உருளைக்கும் பர்னருக்கும் இடைவெளி நான்கு விரற்கடை. பால்கனியில் வறுப்பதானால் மூன்று பக்கம் தகரத் தடுப்பு தேவை. காற்று தீயை ஒருபக்கம் சாய்த்தால் வறுவல் இரண்டு மூன்று நிமிடம் நீண்டுவிடும். தடுப்பு அடுப்பின் திருகையோ கேஸ் குழாயையோ மூடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முந்நூறு கிராம் பிளாண்டேஷன் ஏ, பெரிய பர்னர். கடிகாரத்தோடு ஒரு வறுவல் இப்படிப் போகும்.

காலி உருளையை நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் சுற்றிக் காய்ச்சவேண்டும். குளிர்ந்த உருளையில் போட்டால் முதல் ஐந்து நிமிடம் வீண். அதிகம் காய்ந்துவிட்டால் போட்ட உடனே தட்டைப் பக்கம் பொசுங்கும். கொட்டையைப் போட்டதும் தீயை முக்கால் அளவுக்கு ஏற்றி, நிமிடத்துக்கு ஐம்பது அறுபது சுற்று. வேகமாகச் சுற்றினால் சீராக வறுபடும் என்று தோன்றும், அது தவறு. இருபது சென்டிமீட்டர் உருளையில் தொண்ணூற்றைந்து சுற்றை எட்டினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு உருளையோடு சேர்ந்து சுற்றும், புரளாது. காதைக் கொடுத்தால் தெரியும். சரியான வேகத்தில் மழைபோலத் தொடர்ந்து 'சலசல' என்று விழும் சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் மங்கினால் வேகம் கூடிவிட்டது.

நான்கு ஐந்து நிமிடம்வரை பெரிதாக எதுவும் நடக்காது. ஈரம் போகும், நனைந்த வைக்கோல் வாசம் வரும், பச்சை மஞ்சளாகும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளிப்புறம் ஓடிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். ஆறாம் நிமிடம் முதல் வாசம் மாறும்: ரொட்டி சுடுவதுபோல, பிறகு வறுகடலைபோல. எட்டாம் நிமிடத்தில் பழுப்பு. ஒன்பதரைவாக்கில் கண்ணை உறுத்தும் காரமான நெடி ஒன்று எழும். முதல் வெடி வர அரை நிமிடமே இருக்கிறது என்பதன் அடையாளம் அது. தீயைப் பாதியாக இறக்கவேண்டிய நேரம் அதுதான்.

பத்தாம் நிமிடம், கொட்டை 200 டிகிரியை நெருங்கும்போது, முதல் வெடி. உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையைப் பிளந்து வெளியேறும் சத்தம். சோளப்பொரி பொரிவதுபோல ஒவ்வொன்றாகத் தொடங்கி, நெருங்கி, ஒன்றரை நிமிடத்தில் ஓயும். தீயை இறக்காமல் விட்டால் வெடி முழுவதும் முப்பது நொடியில் முடிந்து, மூச்சு விடுமுன் இரண்டாம் வெடிக்குள் போய்விடும். மிகவும் இறக்கிவிட்டால் வெடி நடுவில் நின்றுபோகும். இந்த இரண்டாவது பிழை பார்வைக்குத் தெரியாது. நிறம் அழகாக வந்திருக்கும், ஆனால் காப்பி அட்டைபோலச் சப்பென்று இருக்கும். வேகவைத்ததுபோல் ஆன கொட்டை அது. தொடங்கிய வெடி ஓயும்வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கவேண்டும், மெதுவாக.

வெடி ஓய்ந்தபின் ஒரு நிமிடம் அமைதி. பில்டருக்கு வேண்டிய இடம் இந்த அமைதியின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பன்னிரண்டரை நிமிடத்தில் கொட்டும்போது முதல் வெடிக்குப்பின் கழிந்த நேரம் மொத்தத்தில் இருபது சதவீதம். விட்டால் 225 டிகிரிவாக்கில் இரண்டாம் வெடி தொடங்கும். அது தாளிப்பில் கடுகு பொரிவதுபோல மெல்லியதாக, வேகமாகக் கேட்கும். புகை நீலமாகும், கொட்டைமேல் எண்ணெய் கசியும். இரண்டாம் வெடியில் ஐந்தாறு சத்தம் கேட்டபின் கொட்டினால் திடமான, லேசாகக் கசந்த காப்பி. சிக்கரி கலக்காமல் கனம் வேண்டுவோருக்கு அது பிடிக்கும். அதைத் தாண்டினால் கொட்டை எந்த ஊருடையது என்ற பேச்சுக்கு இடமில்லை, எல்லாம் கரியின் ருசிதான்.

ரொபஸ்டாவைத் தனியாகவே வறுக்கவேண்டும். அதன் வெடிச் சத்தம் தணிவாக இருக்கும், ஒரு நிமிடம் பிந்தியும் வரலாம். அராபிகாவோடு சேர்த்துப் போட்டால் ஒன்று சரியாகும்போது மற்றது தவறும். வறுத்து எடைபோட்டுக் கலப்பதே வழி. பிளாண்டேஷன் ஏ எழுபது, ரொபஸ்டா பார்ச்மென்ட் முப்பது என்ற கலவை இந்த நான்கு ஆண்டில் அதிகம் அசையாமல் நிற்கிறது.

ஆற்றுவதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். உருளையிலிருந்து கொட்டிய கொட்டைக்குள் சூடு இருக்கிறது, அது தானாகவே அரை நிமிடத்துக்கு வறுபட்டுக்கொண்டே போகும். குவியலாகத் தட்டில் விட்டால் நடுவில் உள்ளவை இரண்டாம் வெடிக்கே போய்விடும், அடுப்பில் பார்த்துப் பார்த்து நிறுத்தியது வீண். டேபிள் பேனை மல்லாத்தி நிறுத்தி, அதன்மேல் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே எவர்சில்வர் சல்லடை. கொட்டியதும் கரண்டியால் கிளறல். நான்கு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வரவேண்டும். அதன்பின் முறம். நேராக முறத்தில் கொட்டினால் மூங்கில் பொசுங்கும் வாசம் கொட்டையில் ஏறும், ஆகவே சல்லடைக்குப் பிறகுதான். நாலு புடை புடைத்தால் தோல் முன்னால் பறந்து போகும், கொட்டை முறத்தின் மடியில் தங்கும். தவிட்டு நிறத்தில் மெல்லிய சருகுபோல உதிரும் இந்தத் தோலுக்கு முறத்தைவிடச் சிறந்த கருவி இதுவரை கிடைக்கவில்லை. தண்ணீர் தெளித்து ஆற்றும் வழக்கமும் உண்டு. வீட்டில் அது வேண்டாம், கொட்டை சீக்கிரம் பழசாகும்.

புடைக்கும்போதே வெளுத்த கொட்டைகள் ஒன்றிரண்டு கண்ணில் படும். மற்றவை பழுப்பாக இருக்க, இவை நிலக்கடலை நிறத்தில் நிற்கும். பழுக்காத காயிலிருந்து வந்தவை. எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. நாலைந்து சேர்ந்தாலே டிகாக்‌ஷனில் தாள் வாடை வரும், பொறுக்கி எறியவேண்டும்.

தெர்மாமீட்டருக்குச் செலவு செய்யுமுன் ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு வாங்குவது மேல். அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை உருளைமேல் காட்டினால் பளபளப்பான உலோகத்தில் நிஜத்தைவிடக் குறைவாகவே காட்டும், கொட்டையின் சூட்டை அது சொல்லாது. தராசு பொய் சொல்லாது. முந்நூறு கிராம் பச்சைக் கொட்டை வறுத்து ஆறியபின் 264 கிராம் இருந்தால் இளவறுவல், பன்னிரண்டு சதவீத இழப்பு. 255 என்றால் பதினைந்து சதவீதம். 240-க்கு வந்துவிட்டால் இருபது சதவீதம், கறுத்த வறுவல். பால் காப்பிக்கு 250 முதல் 254 கிராமுக்குள் விழவேண்டும். ஒரே மூட்டைக் கொட்டையில் இந்த எண் மூன்று கிராமுக்கு மேல் அசைந்தால் எங்கோ தவறியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: எண் அந்த மூட்டைக்கு மட்டுமே. பன்னிரண்டு சதவீத ஈரமுள்ள புதுக் கொட்டைக்கும் எட்டு மாதம் கிடந்து பத்து சதவீதத்துக்கு வந்த பழைய கொட்டைக்கும் ஆறு கிராம் வித்தியாசம் தானாகவே வந்துவிடும். புது மூட்டை பிரித்ததும் முதல் இரண்டு ஈட்டை ருசி பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்ளவேண்டும். நோட்டில் எழுத நான்கு விவரம் போதும்: போட்ட எடை, முதல் வெடி தொடங்கிய நேரம், கொட்டிய நேரம், ஆறிய எடை.

வறுத்த அன்றே அரைத்துப் பில்டரில் போடுவதுதான் புத்தம்புதிது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வறுத்த கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைய இருக்கிறது. வெந்நீர் பட்டதும் தூள் பொங்கிக் குடையைத் தூக்கிவிடும். தண்ணீர் ஒரு பக்கமாக ஓட்டைபோட்டு இறங்கும், டிகாக்‌ஷன் மெல்லியதாக வரும். ஒருநாள் பொறுத்தால் போதும். மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள்வரைதான் நல்ல பருவம். முதல் நாள் டப்பா மூடியை இறுக்காமல் வைக்கவேண்டும், இறுக்கினால் அடுத்தநாள் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வரும். கொட்டையாக மூன்று வாரம் தாங்குவது, அரைத்துவிட்டால் நான்கைந்து நாளில் மணம் இறங்கிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கவேண்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐந்து நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி மறுபடி ஓட்டவேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பாதி மாவும் பாதி நொய்யுமாக வரும். மாவு பில்டர் துளையை அடைக்கும், நொய்யிலிருந்து சாறு இறங்காது.

சிக்கரியை வீட்டில் வறுக்க முயலவேண்டாம். அது வேர். அதில் உள்ள இன்யூலின் சர்க்கரைப் பாகுபோல இளகி உருளையில் ஒட்டும். வறுத்த சிக்கரித் தூளாக வாங்கி, காப்பித்தூளோடு பிறகு கலப்பதே சரி. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சட்டம். அதாவது 49 வரை சிக்கரி போட்டு விற்கச் சட்டப்படி தடையில்லை. வீட்டு வறுவலுக்கு மாறியபின் இங்கே சிக்கரி இருபது சதவீதத்திலிருந்து எட்டுக்கு இறங்கியது. அதை முழுக்க நிறுத்திவிட்டால் டிகாக்‌ஷன் விரைவாக இறங்கிவிடுகிறது. தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் சிக்கரிதான் செய்கிறது, நிறத்தையும் ருசியையும் தாண்டி.

தீ பற்றிய ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டாம் வெடி தாண்டிய கொட்டையும் காய்ந்த தோலும் பற்றிக்கொள்ளும். உருளைக்குள் தழல் தெரிந்தால் கதவைத் திறக்கக்கூடாது, பேன் காட்டும் சல்லடையில் கொட்டவும் கூடாது. கேஸை மூடி, ஈரச்சாக்கால் உருளையின் முகப்புத் துளைகளை மறைத்துக் காற்றை அடைத்தால் தானே அணையும். பாப்கார்ன் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கி எவர்சில்வர் மூடியால் மூடவேண்டும். வறுக்கும் பதின்மூன்று நிமிடமும் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

செலவுக் கணக்கு எளிது. வறுத்தால் எடையில் சுமார் பதினாறு சதவீதம் போய்விடும் என்பதால், பச்சைக் கொட்டையின் கிலோ விலையை 0.84-ஆல் வகுத்தால் வறுத்த கொட்டையின் அடக்கவிலை. பெரிய பர்னர் மணிக்குச் சுமார் 200 கிராம் கேஸ் எரிக்கும். ஓர் ஈட்டுக்குப் பதினாறு நிமிடம், ஐம்பத்து மூன்று கிராம். 14.2 கிலோ சிலிண்டரில் இருநூற்று அறுபது ஈடுக்கு மேல் வரும். கடைத் தூளோடு ஒப்பிட்டால் மிச்சம் உண்டு. ஆனால் பொறுக்குவது, வறுப்பது, ஆற்றுவது எல்லாம் சேர்த்து ஓர் ஈட்டுக்கு முக்கால் மணி போகும். அதற்குக் கூலி போட்டால் மிச்சம் காணாமல் போய்விடும்.

தேய்மானம்: முந்நூறு ஈட்டுக்கு மேல் ஓடிய உருளையில் முதலில் போனது கைப்பிடி மரம், சூட்டில் கருகிப் பிளந்தது. அடுத்து, கம்பி உட்காரும் சட்டத்து ஓட்டை முட்டைவடிவமாக அகன்று உருளை தள்ளாடத் தொடங்கியது. தள்ளாடினால் கொட்டை ஒரு கோடியில் குவிந்து அங்கே மட்டும் கறுக்கும். லேத் பட்டறையில் பித்தளை புஷ் (கம்பி உட்காரும் வளையம்) இரண்டு கடைந்து போட்டபின் சரியாயிற்று. பித்தளைக்கு எண்ணெய் விடக்கூடாது, சூட்டில் எரிந்து வாடை கொட்டையில் ஏறும். பென்சில் கரியைப் பொடித்துத் தடவினால் போதும். உருளையின் உட்புறத்தைக் கழுவவும் கூடாது, தண்ணீர் பட்டால் மறுவாரமே துரு. காய்ந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்தபடி வைத்தால் தோசைக்கல்போல உள்ளே கறுத்துப் பழகிவிடும். கதவுத் தகடு மூன்றாம் ஆண்டில் லேசாக வளைந்து, இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கொட்டை உதிர்ந்தது. கழற்றி மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தியதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.